பதினொரு பழம், அதில் ஒன்று பறவை, இரண்டு போன்

இன்றைய சொல் புதிரில் பழங்களாகக் கொட்டி வைத்திருந்தார்கள். 2023-இல் நியூயார்க் டைம்ஸ் தொடங்கிய கனெக்‌ஷன்ஸ் வகைப் புதிர்தான்: 16 சொற்கள், ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவற்றை நான்கு நான்காகச் சேர்க்க வேண்டும், நான்கு தடவை தப்பினால் ஆட்டம் முடிந்தது.

மா, வாழை, திராட்சை, ஆப்பிள், தக்காளி, கிவி, பீச், பிளாக்பெர்ரி, கத்தரி, செர்ரி, பிளம். மிச்சம்: நோக்கியா, ஈமு, ரியா, மோட்டரோலா, நெருப்புக்கோழி.

பழம் இத்தனை கிடந்தால் நான் பழத்தைத் தொடவே மாட்டேன். எது பழம் இல்லையோ அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். புதிர் போடுகிறவர்களுக்குப் பழங்கள் மேல் ஒரு தனிப் பிரியம், ஏனென்றால் பாதிப் பழங்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நோக்கியா, மோட்டரோலா இரண்டையும் பார்த்ததுமே ஆப்பிளும் பிளாக்பெர்ரியும் அந்தப் பக்கம் போய்விட்டன. ரியாவைப் பெண் பெயர் என்று நினைத்தால் தலை சுற்றும். அது தென் அமெரிக்காவின் பறக்காத பறவை. ஈமு, நெருப்புக்கோழி கூட வந்து நிற்க, நான்காவது கிவி. சரி, எட்டு முடிந்தது.

மீதி எட்டும் அசல் பழங்கள். இங்கேதான் சுவாரசியம். மா, பீச், செர்ரி, பிளம் நான்கிலும் நடுவில் ஒரே கெட்டிக் கொட்டை. கனியின் உள்சுவரே இறுகி ஓடாகி, விதையை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறது. அப்படியானால் வாழை, திராட்சை, தக்காளி, கத்தரி? ஒரே சூலகத்திலிருந்து (பூவுக்குள் விதை உருவாகும் பகுதி) வந்து, கெட்டி ஓடு எதுவும் இல்லாமல் சதைக்குள்ளேயே விதை வைத்திருப்பவை. தாவரவியலில் இவைதான் பெர்ரி. கிவியும் அதே கணக்குதான். பறவைக் கூட்டத்தில் ஓர் ஆள் குறையாமல் இருந்திருந்தால் நன்றாக இழுத்தடித்திருக்கும்.

விடையைத் தங்கைக்கு அனுப்பினேன். "கத்தரிக்காய் பெர்ரியா? போண்ணா!" என்று பதில் வந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. 1893-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, தாவரவியல்படி தக்காளி பழம்தான், ஆனால் இறக்குமதி வரி விஷயத்தில் அது காய்கறி என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

அப்புறம் அவளே கேட்டாள்: "அப்போ பிளாக்பெர்ரி?" அது பெர்ரி இல்லை. ஒரே பூவின் பல சூலகங்கள் ஆளுக்கொரு குட்டிக் கனியாகி ஒட்டிக்கொண்ட திரள்கனி. ஒவ்வொரு மணிக்குள்ளும் மாங்காய்க்கு இருப்பது போலவே ஒரு சின்னக் கொட்டை இருக்கும். "ஸ்ட்ராபெர்ரி?" அதுவும் இல்லை. நாம் சாப்பிடும் சிவப்புச் சதை பூவின் அடித்தளம் வீங்கியது. மேலே பொட்டுப் பொட்டாக ஒட்டியிருப்பவைதான் உண்மையான கனிகள்.

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. நாளைய புதிரை எனக்கு முன்னால் போட்டுவிடப் போவதாக மட்டும் மிரட்டியிருக்கிறாள்.