எரர் வந்தால் நிம்மதி

சென்ட் ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு ஆதரவு கிடைக்கும் கடைசி நாள் 2024 ஜூன் 30 என்பது ரொம்ப நாளாகவே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். பின்னால் வந்த சென்ட் ஓஎஸ் 8 வேறு 2021 கடைசியிலேயே நின்றுபோயிருந்தது. தம்பி போன பிறகும் அண்ணன் இரண்டரை வருடம் ஓடிக்கொண்டிருந்த கதை. ஆடிட்டில் கேள்வி வந்த பிறகுதான் சிங்கப்பூர் சாங்கி பிசினஸ் பார்க்கில் இருந்த எங்கள் டீமிடம் வேலை வந்து விழுந்தது: சரக்குக் கிடங்கு மென்பொருளை ரெட் ஹாட் லினக்ஸ் 8-க்கு மாற்ற வேண்டும். எல்லாம் பழைய சி++. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரான ஜிசிசி 4.8-இலிருந்து ஒரே தாவலில் 8-க்குப் போகும்.

முதலில் வந்தவை வெறும் எரர்கள். மேற்கோள் குறியை ஒட்டி மேக்ரோ எழுதியிருந்தால் நடுவே இடம் விடு, ஃபைல் ஸ்ட்ரீமை 'நல்' என்ற வெற்று மதிப்போடு ஒப்பிடாதே என்ற ரகம். கம்பைலரே வரி எண்ணோடு சொல்லிவிடுகிறது, உட்கார்ந்து திருத்தினால் போதும்.

அடுத்தது, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் லிங்கர். விற்றவர்கள் சோர்ஸ் (மூல நிரல்) தராமல் எங்கள் தலையில் கட்டிய ஒரு லைப்ரரி இருந்தது. 2015-இல் வந்த ஜிசிசி 5, சி++11 தரத்தின் விதிகளுக்காக ஸ்ட்ரிங் எனும் எழுத்துத்தொடர் வகையின் உள்ளமைப்பையே மாற்றிவிட்டது. பழைய லைப்ரரி எதிர்பார்க்கும் ஸ்ட்ரிங் வேறு, நாம் கொடுக்கும் ஸ்ட்ரிங் வேறு. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (தேடிய பெயர் கிடைக்கவில்லை) என்று திரை நிறைந்தது. பழைய அமைப்பிலேயே எல்லாவற்றையும் கம்பைல் செய்ய ஒரு மேக்ரோ உண்டு. ஆனால் அதைப் போட்டால் ரெட் ஹாட்டோடு வரும் பூஸ்ட் லைப்ரரி முரண்டு பிடிக்கும். கடைசியில் அந்த லைப்ரரியைச் சுற்றி வெறும் சி ஃபங்ஷன்களால் ஒரு வேலி கட்டி, எல்லையில் ஸ்ட்ரிங்கே கடக்காதபடி செய்தோம். அழகான தீர்வு இல்லை. ஆனாலும் ஓடியது.

இதுவரை வந்ததெல்லாம் சத்தம் போட்ட பிரச்சினைகள். எங்களை உண்மையில் அலைக்கழித்தது சத்தமே போடாத ஒன்று.

லேபிள் அச்சிடும் பகுதி சுத்தமாக கம்பைல் ஆனது, ஆனால் ஓடவிட்டதும் விழுந்தது. பிழை தேட ஆப்டிமைஸ் செய்யாமல் எடுக்கும் டீபக் பில்டில் விழவில்லை. "அண்ணே, ஒரு லைன்கூட மாத்தலயே, டீபக்ல ஓடுது, ரிலீஸ்ல மட்டும் ஏன்?" என்றான் திருச்சியிலிருந்து வந்த தம்பி. ஜிடிபி என்ற பிழைதேடும் கருவி காட்டிய ஸ்டாக்கில் (ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று கூப்பிட்ட வரிசையில்) யாருமே கூப்பிடாத ஒரு ஃபங்ஷன் நின்றிருந்தது. அதற்கு முன்னால் இருந்த ஃபங்ஷனைத் திறந்து பார்த்தோம். பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கும் சின்ன ஃபங்ஷன், பூல் (ஆம்/இல்லை மதிப்பு) தருவதாகச் சொல்லியிருந்தது, அதைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் வரி மட்டும் இல்லை. கூப்பிட்டவனும் அந்த மதிப்பைப் பார்க்கவில்லை. அதனால்தான் இத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை.

சி-யில் அந்த மதிப்பை யாரும் பயன்படுத்தாதவரை குற்றமில்லை. சி++-இல் பயன்படுத்தாவிட்டாலும் குற்றம்தான். 'இந்த இடத்துக்கு ஓட்டம் வரவே வராது' என்று ஜிசிசி 8 எடுத்துக்கொண்டு, ஆப்டிமைஸ் செய்யும்போது திரும்பிப் போகும் கட்டளையையே எழுதாமல் விட்டுவிடுகிறது. ஓட்டம் நேராகப் பக்கத்து ஃபங்ஷனுக்குள் போய் விழுகிறது.

இதில் கொடுமை, ஜிசிசி 8 இதற்குக் கேட்காமலே எச்சரிக்கை தரும். ஆனால் பில்டு கட்டளைகள் உள்ள எங்கள் மேக்ஃபைலில் யாரோ எந்தக் காலத்திலோ மைனஸ் டபிள்யூ (-w) போட்டு எல்லா எச்சரிக்கையின் வாயையும் அடைத்திருந்தார்கள். அதை எடுத்ததும் இதே ரகத்தில் இன்னும் சில வெளியே வந்தன. 'கம்பைலர் மாற்றியதால் கெட்டுப்போனது' என்று மீட்டிங்கில் ஒருவர் சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோட் முன்பே கெட்டதுதான், 4.8-இன் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ரிட்டர்ன் இல்லாவிட்டால் பில்டே நின்றுவிடும்படி வைத்திருக்கிறோம்.

மாற்றத்தைச் சீனப் புத்தாண்டு ஃப்ரீஸ் (மாற்றம் எதுவும் ஏற்றக்கூடாத காலம்) முடிந்த பிறகு ஒரு சனி இரவில் ஏற்றினோம். எம்ஆர்டி ரயில் ஓட்டம் நின்ற பிறகும் லேபிள்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் டாக்சிக் காசு யாருக்கும் உறுத்தவில்லை.

அடுத்து ரெட் ஹாட் 9. அதோடு வரும் ஜிசிசி 11 தானாகவே சி++17-ஐ எடுத்துக்கொள்ளும், ஃபங்ஷன் தலைப்பில் எழுதிய பழைய த்ரோ பட்டியல்களை (எந்தெந்தப் பிழைகளை எறியலாம் என்ற அறிவிப்புகளை) எரர் என்று தள்ளிவிடும். அதைப் பற்றிக் கவலையில்லை. அதில் உள்ள ஓபன்எஸ்எஸ்எல் 3 என்ற குறியாக்க லைப்ரரிதான் யோசிக்க வைக்கிறது, அந்த சோர்ஸ் இல்லாத லைப்ரரி பழைய ஓபன்எஸ்எஸ்எல்லைத்தான் தேடும். புதிய பில்டு கேட்டு விற்றவர்களுக்கு எழுதியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.