தனுஷ்கோடி மணலில் ஒரு மதியச் சாப்பாடு

இன்று இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலையிலேயே போய்விடலாம். 2017-இல் அந்தச் சாலை திறக்கப்படும் வரை முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சாலை கிடையாது. சேற்றிலும் மணலிலும் குலுங்கிச் செல்லும் பழைய வேன்களை நம்பியே தனுஷ்கோடிக்குப் போக வேண்டும். 2011 பிப்ரவரியில் நான் அப்படித்தான் போனேன். எத்தனையோ கல்யாணப் பந்திகளிலும் பெயர்பெற்ற உணவகங்களிலும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் மறக்க முடியாத சாப்பாடு எது என்று யாராவது கேட்டால், அன்று ஓலைக் குடிசையின் நிழலில் உண்ட சோறும் காரல் மீன் குழம்பும்தான் என் நாவுக்கு நினைவு வருகின்றன.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் பார்த்துவிட்டு, என்னுடன் வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள். அடுத்த வேனில் வருவதாகச் சொல்லிவிட்டு நான் தென்கடல் பக்கம் நடந்தேன். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகில் கொண்டுபோய் அரைவட்டமாக விரித்த வலையின் இரு கயிறுகளையும் கரையில் இரண்டு அணியாக நின்று இழுப்பதுதான் கரைவலை. வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் அடங்கிக் கிடப்பதால், அந்த மாதங்களில் வலை இந்தப் பக்கம் விழுகிறது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். வலை இழுப்பவர்கள் சேர்ந்து பாடும் அம்பா பாடலின் அசைவுக்கு ஏற்பக் காலை மணலில் ஊன்றிப் பின்னால் நகர வேண்டும் என்பது பிடிபடுவதற்குள் என் உள்ளங்கைகள் சிவந்துவிட்டன. ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்த பிறகு, வலையின் மடியில் சூடையும் காரலும் வெள்ளிக்காசுகளைக் கொட்டியதுபோல் துள்ளின.

புறப்பட எழுந்தபோது பெரியவர் தடுத்தார். “கயித்தப் பிடிச்ச ஆளு வெறும் வயித்தோட போகக்கூடாது தம்பி” என்று சொல்லித் தம் குடிசைக்கு அழைத்துச் சென்றார்.

அவர் மகள், நான் அக்கா என்று அழைத்தவர், காரலைக் கடல்நீரிலேயே அலசி எடுத்து வந்தார். மீனில் அந்த உப்பு ஏறியிருக்கும் என்பதால் குழம்புக்கு உப்பைக் குறைத்தே போடுவதாகச் சொன்னார். மண்சட்டியில் சின்ன வெங்காயம், பூண்டு, நிறையப் புளி, வீட்டில் இடித்த மிளகாய்த்தூள். தேங்காய் அரைத்து ஊற்றவில்லை. குழம்பு நன்றாகக் கொதித்து வற்றத் தொடங்கிய பிறகே மீனைப் போட்டு, கரண்டியால் கிளறாமல் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றி இறக்கினார். மீனின் வாசனை புளிக்கு அடியில் மறையாமல் மேலே நின்றது. காரலில் முள் அதிகம். அவசரப்பட்டு உண்ண முடியாது. ஒவ்வொரு மீனையும் விரலால் பிரித்து, வெண்ணெய்போல் கழன்று வந்த சதையைச் சூடான புழுங்கலரிசிச் சோற்றோடு பிசைந்து உண்டேன். மூன்றாம் முறை சோறு போட வந்தபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த அந்தத் திட்டில் சோறு வடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சாப்பிட்டு முடிந்ததும் அக்கா என்னைக் குடிசைக்குப் பின்னால் கூட்டிச் சென்றார். முழங்கை ஆழத்துக்கும் குறைவான ஒரு மணல்குழி. அடியில் தெளிந்த நீர். மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. “ஆழமாத் தோண்டுனா உப்பு ஏறிரும், ஊற ஊறத்தான் மோக்கணும்” என்றார். ஒரு குடம் நிறையக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து சேர்த்த நீரில்தான் எனக்கும் சோறு வெந்திருக்கிறது என்று அறிந்தபோது, உண்ட சோற்றை நினைத்து நெஞ்சு கனத்தது.

பணம் கொடுக்க முயன்றேன். பெரியவர் முகம் வாடியதைக் கண்டு நிறுத்திக்கொண்டேன். அக்கா சிரட்டையால் நீரை மொண்டு ஒரு சொம்பில் ஊற்றிக் கொடுத்தார். குழம்பு எப்படி இருந்தது என்று அதுவரை ஒருமுறைகூடக் கேட்காதவர், நான் குடித்து முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்:

“தண்ணி இனிக்குதா தம்பி?”

இனித்தது.