இரண்டு எஃப்-100, ஒரு போலரைசர், மூன்று வாரம்

நேற்று ராத்திரி முதல் வாட்சில் 10:42 என்று பளிச்சென்று தெரிந்தது. நகத்தளவு பிளாஸ்டிக் தாள் ஒன்று மூன்று வாரமாக என் உயிரை எடுத்துவிட்டு, இப்போதுதான் வழிக்கு வந்திருக்கிறது.

எதற்கு இந்தப் பாடு என்றால், 1979-இல் வந்த 'ஏலியன்' படத்தில் நாஸ்ட்ரோமோ என்ற விண்வெளிக் கப்பலின் ஆட்கள் கட்டியிருக்கும் வாட்ச்தான். கேசியோவின் எஃப்-100 டிஜிட்டல் வாட்ச் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கியது. அதே மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்பது என் பல வருட ஆசை. ஜப்பானிலிருந்து 'ஓடாது' என்று போட்டு விற்ற இரண்டு கிடைத்தன. பேட்டரி போட்டதும் இரண்டுமே ஓடின. ஆனால் ஒன்றில் திரை முழுக்கப் பழுப்பு. மேல் போலரைசர், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விட்டு எண்களைத் தெரியவைக்கும் பிளாஸ்டிக் தாள், போய்விட்டது; திறந்தவுடன் புளிச்ச வாடை வேறு.

பழைய தாளை உரித்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பசையைத் துடைத்தது வரை பெரிய வேலை இல்லை. பின்பக்கத் தாளில் வெள்ளிப் பூச்சு நன்றாக இருந்ததால் அதைத் தொடவே இல்லை. கஷ்டம் கோணத்தில்தான். முதல் துண்டைத் தாளின் ஓரத்துக்கு நேராக வெட்டினேன். எண்கள் சாம்பல்மேல் சாம்பலாகத் தெரிந்தன. சரி, 45 டிகிரி என்று புரிந்துகொண்டு, வாட்சை ஓடவிட்டு மேலே தாளைச் சுழற்றிப் பார்த்து, எண்கள் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு வெட்டி ஒட்டினேன். ஒட்டி முடித்ததும் திரை மொத்தமும் கறுப்பு, எண்கள் மட்டும் வெள்ளை!

ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்த பிறகுதான் பிடிபட்டது. கோடு போடும்போது பசைப்பக்கம் மேலே இருந்திருக்கிறது, ஒட்டும்போது திருப்பிவிட்டேன். 45 டிகிரியில் வெட்டிய தாளைப் புரட்டினால் அது ஒளியை விடும் திசை (அச்சு) எதிர்ப்பக்கம் சாயும். அதாவது சரியாக 90 டிகிரி பிசகு. இதைச் செய்யப் போகிறவர்கள் முதலில் பசைப்பக்கம் எது என்று பார்த்து, அதைக் கீழே வைத்துக்கொண்டு கோடு போடுங்கள். கறுப்புத் திரை அழகு என்று அப்படியே விட்டுவிடுபவர்களும் உண்டு. எனக்கு நாஸ்ட்ரோமோதான் வேண்டும்.

2021-இல் கேசியோவே இதை நினைவுபடுத்தி ஏ100 விட்டார்கள். நல்ல வாட்ச்தான், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனாலும் பழைய ரெசின் உடம்பின் கனமின்மை அதில் வரவில்லை.

இரண்டையும் சேர்க்க அசல் உடம்பை அறுக்க மனசு வரவில்லை. அலுமினியத் தகடு ஒன்றை வளைத்து, அதன்மேல் இரண்டையும் உட்கார வைக்கும் யோசனை. தகடு இன்னும் வாங்கவில்லை. அதற்குள் அடுத்த படமான 'ஏலியன்ஸ்'-இல் நாயகி ரிப்ளி கட்டியிருந்த, இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ வடிவமைத்த செய்கோ 7ஏ28-7000 விலை எவ்வளவு என்று இரண்டு ராத்திரி துழாவியாயிற்று. விலையைப் பார்த்ததும் தூக்கம் வந்துவிட்டது.

இரண்டாவது வாட்சில் திரை சுத்தம். ஆனால் நிமிடத்தின் கடைசி எண்ணில் வலது மேல்கோடு மட்டும் தெரியவில்லை. சர்க்யூட்டையும் திரையையும் இணைக்கும் ஜீப்ரா ரப்பரை ஒரு முறை துடைத்தாயிற்று, பலன் இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடி கழற்ற வேண்டும். இப்போதைக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று 10:49 என்கிறது, மற்றது அந்த ஒரு கோடு இல்லாமல் 10:45 என்கிறது.