கால் பீப்பாய்

நான் செய்த முதல் தவறு, ஒரு சொல்லைப் பார்த்ததும் அப்படியே நம்பியது. அந்தச் சொல் 'பீப்பாய்'.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தென்கிழக்கே, கேப் காட் தீபகற்பத்துக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு சின்ன ஊர் அருங்காட்சியகத்தில் இரண்டு வருடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தேன். பட்டியல் போடுகிற வேலை. தாத்தா வீட்டுப் பரணைக் காலி செய்கிறவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் காகிதங்களைப் பிரித்து, தூசி தட்டி, அளந்து, பின்பக்கம் பென்சிலால் எண் எழுதி, அமிலமில்லாத உறையில் போட்டுக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது உருப்படி முடித்தால் நல்ல நாள்.

ஓர் அக்டோபரில் வந்தது அந்த அட்டைப்பெட்டி. உள்ளே, சதுப்பு நிலத்தில் விளையும் சின்னச் சிவப்புப் பழமான கிரான்பெர்ரியின் பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிள்கள் முந்நூறுக்கு மேல், சணல் கயிறு போட்டுக் கட்டுக் கட்டாக. எல்லாம் ஒட்டாதவை. ஒட்டிய லேபிள் பழப்பெட்டியோடு சிகாகோவுக்கோ நியூயார்க்குக்கோ போய், பெட்டி உடைந்து விறகானபோது தானும் எரிந்திருக்கும். பழைய பொருள் சேர்ப்பவர்கள் இன்று காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இப்படிக் கொட்டகையில் மிஞ்சிக் கிடந்த கட்டுகளைத்தான். பெயர்களைப் படித்தாலே பொழுது போகும்: ஹாங்கர், சிப்மங்க், ஸ்கிப்பர், மிஸ்ல்டோ. காட்டு வாத்து, அணில் சாதி, கப்பல் தலைவன், கிறிஸ்துமஸுக்கு வாசலில் கட்டுகிற கொத்து. மேலே 'ஈட்மோர்' என்று பொதுப் பெயர். நிறையச் சாப்பிடு என்று ஆணையிடுகிற பெயர்தான், எழுத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறார்கள்.

அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். "அந்தப் பழத்தைச் சும்மா சாப்பிடலாமா?" என்றார். முடியாதும்மா, நம்ம களாக்காய் மாதிரி, பல் கூசும், சர்க்கரை போட்டுக் காய்ச்சினால்தான் வாயில் வைக்கலாம் என்றேன். "அப்புறம் அதுக்கு எதுக்குடி இவ்வளவு அழகா படம்?"

நல்ல கேள்விதான். அதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

சரி, அந்தத் தவறு. நிறைய லேபிள்களின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் 'கால் பீப்பாய்' என்று அச்சிட்டிருந்தது. பீப்பாய் என்றால் பழைய காலம் என்று எடுத்துக்கொண்டு, காலம் என்ற கட்டத்தில் மடமடவென்று 'சுமார் 1905' என்று போட்டுக்கொண்டே போனேன். எண்பது உருப்படி தாண்டியபோதுதான் உறைத்தது. லேபிள் அகலவாக்கில் நீண்ட செவ்வகம். பீப்பாயின் வட்டமான மூடியில் இது எப்படி உட்காரும்? இது மரப்பெட்டியின் பக்கவாட்டுப் பலகைக்கு வெட்டியது. பீப்பாய் போய் அரைப் பீப்பாய்ப் பெட்டி, அப்புறம் 1930கள் வாக்கில் கால் பீப்பாய்ப் பெட்டி என்று வந்த பிறகும் கணக்கு மட்டும் பீப்பாயிலேயே நின்றுவிட்டது. ஒரு பீப்பாய் 100 பவுண்டு, கால் பீப்பாய் 25 பவுண்டு. இன்றைக்கும் அந்த ஊரில் விளைச்சலைப் பீப்பாயில்தான் சொல்கிறார்கள். இத்தனை பீப்பாய் என்று பேசுகிறவர் வீட்டில் தேடினாலும் ஒரு பீப்பாய் கிடைக்காது. நம் ஊரில் மரக்கால் போன பிறகும் மரக்கால் கணக்கு பேசுகிறவர்கள் உண்டே, அதுபோல. எண்பதையும் திருத்தினேன். பொறுப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினார்.

அந்தப் பீப்பாயைத் தேடிப் போன இடத்தில்தான் விஷயம் பிடிபட ஆரம்பித்தது. 1915-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பழம், காய்கறிப் பீப்பாய்களின் அளவை நிர்ணயித்துச் சட்டம் போட்டது. ஆப்பிள் முதலான எல்லாவற்றுக்கும் 7,056 கன அங்குலம். கிரான்பெர்ரிக்கு மட்டும் தனியாக 5,826 கன அங்குலம். பலகையின் நீளம், மூடியின் விட்டம், வயிற்றுச் சுற்றளவு எல்லாம் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அளவுக்குச் சட்டம் வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் ஆளுக்கு ஓர் அளவில் கட்டியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

தரமும் அதே கதைதான். விளைவிக்கிறவர் தனித்தனியாகக் கமிஷன் வியாபாரிக்கு அனுப்புவார். சிகாகோவில் இருப்பவர் மூடியைத் திறந்தால் மேலே இருப்பதுதான் தெரியும், அடியில் என்ன இருக்கிறது என்று கொட்டினால்தான் தெரியும். ஐயோவா மாநிலத்திலிருந்து வந்த சேனி என்ற பழ வியாபாரி விளைவிக்கிறவர்களைக் கூட்டுறவாகச் சேர்த்தார். 1907-இல் நியூ இங்கிலாந்து கிரான்பெர்ரி விற்பனைக் கம்பெனி உருவானது. விஸ்கான்சினிலும் நியூ ஜெர்சியிலும் இதே மாதிரி அமைப்புகள் வந்தன. அதன் பிறகு என் பழம், உன் பழம் என்பது போய், பழத்தைப் பார்த்து அதற்கு ஒரு பெயர் கொடுக்கிற முறை வந்தது. என்ன ரகம், எவ்வளவு பெரிது, எவ்வளவு சிவப்பு, எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்து, அதற்குரிய பிராண்டு லேபிளை ஒட்டுவார்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி. கிரான்பெர்ரிக்கு வியாபாரமே நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங்கும் கிறிஸ்துமஸும்தான். கேப் காட் பக்கம் இரண்டு ரகங்கள் ஆண்டன. எர்லி பிளாக் செப்டம்பரிலேயே பழுத்துவிடும், கறுப்பேறின சிவப்பு. ஹவ்ஸ் தாமதமாக வரும், ஆனால் வெகு நாள் கெடாது. டிசம்பர் நடுவில் விற்க வேண்டிய கடைக்காரர் எர்லி பிளாக்கை வாங்கி வைத்தால் கையைச் சுட்டுக்கொள்வார். ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து, பழத்தைப் பார்க்காமல் தந்தியில் வாங்குகிறவருக்கு அந்த வாத்தும் அணிலும் படம் இல்லை, குறியீடு.

இது புரியாமல்தான் காட்சிக்கு வைத்தேன். ஊர் அறுவடை விழாவுக்கு ஒரு கண்ணாடிப்பேழையை என்னிடம் கொடுத்தார்கள். எது கண்ணைப் பறிக்கிறதோ அதை நடுவில் வைத்து 'முதல் தரம்' என்று சீட்டு எழுதினேன். எளிமையாக இருந்தவற்றை ஓரத்தில் வைத்து 'இரண்டாம் தரம்'. ஆதாரம் எதுவும் இல்லை. அழகானது உசத்தியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு, அவ்வளவுதான். அலங்காரத்துக்கு ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பழம் கொட்டி வைத்தேன்.

லேபிள்களை லென்ஸில் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் மாமா சிவகாசியில் லித்தோ அச்சகத்தில் இருந்தவர். நிறத்துக்கு ஒரு முறை காகிதம் இயந்திரத்துக்குள் போகும், ஒரு மயிரிழை பிசகினாலும் சிவப்பு கோட்டைத் தாண்டி வெளியே நிற்கும் என்று சின்ன வயதிலேயே தீப்பெட்டி லேபிளை வைத்துக் காட்டியிருக்கிறார். இங்கேயும் அதே பிசகு. ஒரு கட்டில் பழத்தைச் சுற்றி மெல்லிய ரத்தக் கோடு. ஆனால் நான் பார்க்கத் தவறியது வேறு. என் பெட்டியில் இருந்த எல்லா லேபிளிலும் பழம் ஒரே சிவப்பு. எர்லி பிளாக்கானாலும் ஹவ்ஸானாலும் அதே தக்காளிச் சிவப்பு. படத்திலிருந்து தரத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. பெயர் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் அந்தப் பெட்டியில் இல்லை: ஆள். கப்பல் உண்டு, பறவை உண்டு, பண்டிகை உண்டு, சதுப்பில் மண்டியிட்டுப் பறிக்கிறவர் ஒருவர்கூட இல்லை. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும் கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள்தான் அந்தப் பக்கத்துச் சதுப்புகளில் ஏராளமாகப் பறித்தன. குழந்தைத் தொழிலாளர்களைப் படம்பிடித்த லூயிஸ் ஹைன் 1910, 1911-இல் எடுத்த புகைப்படங்களில் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அந்தப் பிரதிகளில் ஒன்றைப் பேழையில் சேர்க்கலாமா என்று கேட்டேன். விழாவுக்கு வேண்டாமே என்றார்கள். அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

விழா அன்று மதியம் ஓர் அம்மா வந்தார். எண்பதைத் தாண்டியவர், கைத்தடி. பேழை முன்னால் வெகு நேரம் நின்றார். இதையெல்லாம் யார் அடுக்கியது என்று கேட்டார். நான்தான் என்றேன். படத்தைப் பார்த்து அடுக்கியிருக்கிறாய் என்றார். குரலில் கோபம் இல்லை. பள்ளி முடித்த கையோடு 'ஸ்க்ரீன்ஹவுஸ்' என்ற தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாராம். அங்கே யாரும் படத்தைப் பார்ப்பதில்லை, எந்தக் கட்டைப் பிரிக்கச் சொல்கிறார்களோ அதைப் பிரித்து ஒட்டுவார்கள், அவ்வளவுதான் என்றார்.

அவர் சொல்லித்தான் கூடத்தின் மூலையில் நின்ற, பழம் பிரிக்கும் பெய்லி இயந்திரத்தை முதல்முறை ஒழுங்காகப் பார்த்தேன். தினமும் அதன் மேல்தான் கோட்டைப் போடுவேன். ஆளுயர மரப்பெட்டி. மேலே கொட்டினால் பழம் ஒரு சாய்ந்த பலகையில் விழும். நல்ல பழம் எகிறி, நாலு அங்குலத் தடுப்பைத் தாண்டிப் போய்விடும். எகிறாதது அடுத்த பலகையில் விழும். இப்படி ஏழு பலகை. ஏழிலும் தாண்டாதது அடியில் இருக்கிற கழிவுப் பெட்டிக்கு. பழத்துக்குள் நாலு காற்றறைகள் இருப்பதால்தான் இந்தத் துள்ளல். அழுகினால் அது போய்விடும். நியூ ஜெர்சியில் ஒரு காலுக்குப் பதில் மரக்கட்டை பொருத்தியிருந்த ஜான் வெப் என்பவர், பழத்தைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாமல் மாடிப்படியில் கொட்டிவிட, நல்லது துள்ளித் துள்ளிக் கீழே போனது, சொத்தை படியிலேயே தங்கியது, அதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். முறத்தில் புடைத்துப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது. கனமும் துள்ளலும் பேசும், கண் அப்புறம்தான்.

ஆனால் இயந்திரம் பாதி வேலைதான் செய்யும். மீதி கொட்டகையில் வேலை பார்த்த பெண்களின் கை. நகரும் பட்டைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஓடிவரும் பழத்தை உள்ளங்கையால் உருட்டி, வெளுத்ததையும் அடிபட்டதையும் பொறுக்கிப் போடுவார்கள். வெப்பம் பழத்துக்கு ஆகாது என்று கொட்டகையில் கணப்பைக் குறைத்தே வைப்பார்களாம். மேற்பார்வை பார்க்கிறவர் ஒரு சின்ன அளவுக் குவளையில் பழத்தை நிரப்பி எண்ணுவார். குவளைக்கு எத்தனை பழம் என்பதுதான் பருமனின் கணக்கு. எண்ணிக்கை ஏறினால் பழம் சிறுத்திருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் தர விதி, கிரேடு ஏ பழத்துக்கு விட்டம் 13/32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. பத்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்த அம்மாவுக்கு விதி தெரியாது, விரல் நுனியால் அளவைக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

லேபிள்களின் காலமும் ஒருநாள் முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு பவுண்டு செலோஃபேன் பைகள் வந்தன, பழமே வெளியே தெரிந்தது. டப்பா சாஸும் சாறும் மீதியை எடுத்துக்கொண்டன. சாறு பிழியப் போகிற பழம் துள்ளினால் என்ன, துள்ளாவிட்டால் என்ன? இன்று பெரும்பகுதி சதுப்பில் தண்ணீர் விட்டு மிதக்கவைத்து அள்ளுவதுதான். புதுப்பழமாக விற்கிற சொச்சத்துக்கு மட்டும் பழைய பெய்லி இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன.

அந்த அம்மா கிளம்பும்போது என் வெள்ளைக் கிண்ணத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். மேசைக்கு மேல் ஒரு முழ உயரத்திலிருந்து விட்டார். பொத்தென்று விழுந்து அங்கேயே கிடந்தது. என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். எப்போது வாங்கியது என்று கேட்டார். மூன்று வாரம் இருக்கும் என்றேன். கண்ணாடிக்குள், விளக்குக்கு அடியில்? ஆமாம்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு 'முதல் தரம்', 'இரண்டாம் தரம்' சீட்டுகளை எடுத்துவிட்டுக் கிண்ணத்தை மேசையில் வைத்து ஒவ்வொரு பழமாகப் போட்டுப் பார்த்தேன். அறுபத்தொன்றில் பதினாலு துள்ளவில்லை. ஏழு முறை வாய்ப்புக் கொடுத்துத்தான் குப்பையில் போட்டேன்.