பயிற்சிக் காவலர்களுக்கு வகுப்பெடுக்கப் போன கதை

சேலத்தில் பயிற்சிக் காவலர்களுக்கு ஒரு வகுப்பு: ஆத்திரத்தில் கத்துபவரை அடிக்காமல், பேசியே அடக்குவது எப்படி? அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதிகாரி உடனே சரி என்றார். தபால் பிரிவுதான், "இது பாடத்திட்டத்துல இல்லீங்களே, எதுல ஃபைல் போடறது?" என்று கடிதத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100-ஐக் காட்டி மறுபடி எழுதினேன். மனநலம் பாதித்துத் தெருவில் திரிபவரைப் போலீஸ் பொறுப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது. அதன் பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. நீங்கள் முயன்றால் இதை முதல் பத்தியிலேயே போடுங்கள்.

வகுப்புக்குக் கொடுத்த நேரமோ கவாத்து முடிந்து சாப்பாட்டு மணி அடிக்கும் வரை. அமெரிக்காவின் மெம்ஃபிஸில் 1988-ல் தொடங்கிய இதே மாதிரிப் பயிற்சிக்கு 40 மணி நேரம் ஒதுக்குகிறார்கள். இங்கே வெயிலில் ஓடி வந்த பிள்ளைகளுக்குக் கண் சொருகியது. புரொஜெக்டரும் வேலை செய்யவில்லை. நேராக நடிப்புக்குப் போனேன்.

ஏற்காடு அடிவாரச் சோதனைச்சாவடி, ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு வந்தவர் கத்துகிறார். "இப்படிக் கெஞ்சினா எவன் மதிப்பான்?" என்று முனகிக்கொண்டிருந்த கவாத்து ஆசிரியரையே அந்த வேடத்துக்குக் கூப்பிட்டேன். பிரமாதமாகக் கத்தினார். முதலில் வந்த பையன் முகத்துக்கு நேராகப் போய், "யோவ், ஓரங்கட்டு!" என்றான். அவர் இன்னும் எகிறினார். பையனின் கை இல்லாத லத்தியைத் தேடி இடுப்புக்குப் போனது. நிறுத்தினேன். 2021-ல் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச்சாவடியில் லத்தியடி பட்ட வியாபாரி இறந்துபோனதையும், அடித்த சிறப்பு எஸ்.ஐ. கைதானதையும் சொன்னேன். "நம்ம வாழப்பாடிப் பக்கம்தாங்க சார்" என்றது பின்வரிசை.

அடுத்து ஒரு பெண் வந்தாள். இரண்டு கை தூரம் விட்டு, சற்றுப் பக்கவாட்டில் நின்றாள். அவர் கத்தி முடிக்கும்வரை பேசவே இல்லை. அப்புறம், "பாப்பா பயப்படுது பாருங்கண்ணா. பேப்பரை இங்கயே பார்க்கட்டுங்களா, நிழலுக்குப் போயிடலாங்களா?" அவர் குரல் தானாக இறங்கிவிட்டது. "அந்தப் பொண்ணுகிட்ட எனக்குக் கத்தவே வரலைங்க" என்றார் பிறகு.

கவாத்து ஆசிரியரை ஓரமாக உட்கார வைக்காதீர்கள், உள்ளே இழுத்துவிடுங்கள். அடுத்த அணிக்குக் கவாத்துக்கு முன்பே நேரம் கேட்டிருக்கிறேன். பரிந்துரை எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.