‘ங்க’ போட்டுப் பேசும் ஊரில் லைனுக்குள் மட்டும் ஏன் ‘ஏய்’?

திருப்பூருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கவனிப்பது எங்கள் பேச்சைத்தான். மூன்று வயதுக் குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு, சாப்பிட்டீங்களா’ என்றுதான் கூப்பிடுவோம். பால்காரர், பஸ் கண்டக்டர், பேக்கரிக்காரர் என்று எல்லாருக்கும் ஒரு ‘ங்க’ உண்டு. அதே ஆள் காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, தையல் மிஷின்கள் வரிசையாக ஓடும் லைனுக்கு சூப்பர்வைசர் ஆனதும் ‘ஏய், இங்க வாடி, என்னடி தைச்சிருக்க’ என்று ஆரம்பித்துவிடுகிறார். பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தைத்த பீஸ்களைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் தொடங்கி இப்போது ஒரு ஃப்ளோரைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு வந்துவிட்டேன். ஆனாலும் இந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறவே இல்லை.

முன்பு ஒரு கம்பெனியில் நான் செக்கிங்கில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஷிப்மென்ட் நெருக்கடி, தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்துக்கு ஃப்ளாட்லாக் தையல் மிஷின் ஓட்டும் பெண்ணிடமிருந்து வந்த பீஸ்களில் பதினாலு ஆல்டர், அதாவது திருப்பித் தைக்க வேண்டியவை. சூப்பர்வைசர் அந்த பண்டிலை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவள் மிஷின்மேல் வீசினார். ஒரு பீஸ் அவள் தோளில் விழுந்து தொங்கியது. ‘கண்ணு தெரியலையாடி உனக்கு’ என்று முப்பது பேர் பார்க்கக் கத்தினார். அவள் ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த பீஸை எடுத்து மடித்து வைத்தாள், அறுந்திருந்த நூலை ஊசியில் கோக்கப் போனாள், முடியவில்லை, விரல் அப்படி நடுங்கியது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அவளிடமிருந்து இன்னும் அதிகமாக ஆல்டர் வந்தது. சாயங்காலம் மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தால், ஊசி நூலோடு அடிநூலைக் கோக்கிற லூப்பரின் டைமிங் விலகியிருக்கிறது. தையல் விட்டு விட்டு விழுந்ததற்கு அதுதான் காரணம், அவள்மேல் தப்பே இல்லை. காலையிலேயே ‘என்னம்மா ஆச்சு, மிஷின் சரியா ஓடுதா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே சரிசெய்திருக்கலாம். அவளிடம் யாரும் மன்னிப்பு கேட்கவில்லை. நானும் செக்கிங் டேபிளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

‘கத்தினால்தான் பீஸ் வரும்’ என்று இந்தத் தொழிலில் ஆழமாக நம்புகிறார்கள். நான் பார்த்தவரை கத்துகிற லைனில் வருவது பயம்தான். பயந்த டெய்லர் தப்பான பீஸை வெளியே காட்ட மாட்டார், நல்ல பீஸ்களுக்கு நடுவில் செருகி பண்டிலைக் கட்டி அனுப்பிவிடுவார். அது ஃபைனல் செக்கிங்கில் மாட்டினால் நம் அதிர்ஷ்டம், அங்கேயும் தப்பினால் ஆர்டர் கொடுத்த பையரின் ஆள் வந்து பெட்டியைப் பிரிக்கும்போதுதான் தெரியவரும். திட்டு விழாது என்று தெரிந்த லைனில் மூன்றாவது பீஸிலேயே கை தூக்கிவிடுவார்கள், ‘அக்கா, இது சரியில்லைங்க, வந்து பாருங்க’ என்று.

இந்தக் கத்தல் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பையர் கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரை நெருக்குவார், மெர்ச்சண்டைசர் மேனேஜரை, மேனேஜர் சூப்பர்வைசரை, சூப்பர்வைசர் டெய்லரை. கடைசியில் அது வந்து நிற்பது நூல் வெட்டுகிற ஹெல்பரிடம். அவருக்குக் கீழே யாரும் இல்லை. இப்போது அந்த ஹெல்பர் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பிள்ளையாக இருக்கிறார், அவருக்குப் பேர்கூடக் கிடையாது, ‘ஏய் ஹிந்தி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒடியா பேசுகிற பிள்ளையை ஹிந்தி என்று கூப்பிடுவதே தப்பு. தவிர, அட்டெண்டென்ஸ் நோட்டில் எழுதுவதற்குத் தெரிகிற பேர் கூப்பிடும்போது மட்டும் எங்கே போகிறது?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளவும் வேண்டும். 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளைச் சொன்னது, அதன் பிறகு 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், தலைமையும் பெண்தான், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்க இடமுண்டு. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். பத்து பேருக்குக் கீழே உள்ள இடத்தில் வேலை செய்கிறவர்கள் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். எங்கள் ஊரில் சந்துக்குச் சந்து ஐந்தாறு மிஷினோடு, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் ஓடுகிறது, அங்கே இருக்கிற பெண்களில் எத்தனையோ பேருக்கு இது காதிலேயே விழுந்ததில்லை.

ஆனால் இந்தச் சட்டம் பாலியல் துன்புறுத்தலுக்கானது. பண்டிலை வீசியதும், எல்லார் முன்னாலும் ‘கண்ணு தெரியலையாடி’ என்றதும் அதற்குள் வராது என்றே சொல்லி விட்டுவிடுவார்கள். எனக்கோ இரண்டும் ஒரே சாலையில்தான் இருப்பதாகத் தெரிகிறது. ஒரு பெண்ணை எல்லார் முன்னிலையிலும் ‘டி’ போட்டுப் பேசியும் ஒருவரும் கேட்கவில்லை என்றால், அடுத்து தோளில் கை வைத்தாலும் கேட்க மாட்டார்கள் என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிடுகிறது.

இது எங்கே போய் முடியும் என்பதை திண்டுக்கல்லில் பார்த்தோம். 2021 ஜனவரியில் அங்கே ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த தலித் பெண் கொலை செய்யப்பட்டாள், அவளுடைய சூப்பர்வைசர் கைதானார். அதன் பிறகு பெண்கள் தலைமையில் நடக்கும் ஒரு தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. கம்பெனி கையெழுத்துப் போட்டது, அங்கே துணி வாங்கிய வெளிநாட்டு பிராண்டுகளும் தனியாகக் கையெழுத்துப் போட்டன. கம்பெனி ஒப்பந்தத்தை மீறினால் அது ஆர்டரைப் பாதிக்கும் என்பதுதான் ஏற்பாடு. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, லைனில் வேலை செய்கிற பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக வைத்ததுதான். கேன்டீன் சுவரில் ஒட்டியிருக்கும் புகார் போன் நம்பருக்குப் பேசத் தயங்குகிறவர், பக்கத்து மிஷினில் இருக்கும் அக்காவிடம் சொல்லிவிடுவார்.

என் ஃப்ளோரில் நான் செய்வது பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் ‘ங்க’, ஹெல்பர் பிள்ளைகளுக்கும் சேர்த்து. பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆல்டர் வந்தால் சூப்பர்வைசர் மிஷினுக்குப் போய், பக்கத்தில் நின்று, அந்த ஆளிடம் மட்டும் பேச வேண்டும், அதுவும் முதலில் மிஷினைப் பார்த்துவிட்டு. செக்கிங் டேபிள்களுக்கு ஸ்டூல் போட்டோம். நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு இடையிடையே உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது, அதைச் செய்ய வைக்கவே எனக்கு ஏழு மாதம் ஆனது. இரண்டு சூப்பர்வைசர்கள் ‘இதெல்லாம் நமக்குச் சரிப்படாதுங்க’ என்று சொல்லிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். தங்கியவர்களில் ஒருவர் இப்போதும் கோபம் வந்தால் ஒரு நிமிடம் வெளியே போய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வருகிறார்.

எங்கள் புகார்க் குழுவுக்கு இந்த மாதத்தோடு மூன்று வருடம் முடிகிறது, புதிதாகப் போட வேண்டும். இதுவரை ஆபீஸ் ரூமில் இருப்பவர்கள் பேரைத்தான் போடுவார்கள். இந்த முறை லைனில் கேட்டேன். ஓவர்லாக் மிஷினில் இருக்கும் ஓர் அக்கா உடனே சரி என்றார். இரண்டாவது பேர் கேட்டபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் நூல் வெட்டுகிற ஒடிசாப் பிள்ளை எழுந்து, ‘எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் வருங்க, பரவாயில்லைங்களா’ என்று கேட்டாள். பட்டியலில் அவள் பேரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.