உவர்மலையில் இருந்து பேர்கண்டி வைன் விற்ற அனுபவம்

சித்தப்பா பிரான்சில், பேர்கண்டிப் பக்கத்து உணவகங்களில் காலம் முழுக்க வேலை செய்தவர். கோப்பை கழுவத் தொடங்கி, மேசை பார்த்து, கடைசியில் வைன் அறைச் சாவியே அவரிடம் இருந்தது. லீவு நாட்களில் வைன் செய்யும் திராட்சைத் தோட்டக்காரரின் வாசலுக்கே போய் மூன்று, ஆறு என்று போத்தல் வாங்கி வைப்பார். ஓய்வெடுத்து திருகோணமலை உவர்மலைக்கு வந்தபோது அவற்றை அங்கேயே ஒரு வாடகைக் களஞ்சியத்தில் விட்டுவிட்டு வந்தார். வாடகை ஈரோவில். இங்கே கொண்டுவரலாம் என்றால் இறக்குமதி வரி ஒரு பக்கம், கச்சான் காற்றுச் சூடு மறுபக்கம். கடைசியில், "மகன், உன்ட கம்பியூட்டர்ல ஒருக்காப் பார், அதுகள வித்துப்போடுவம்" என்றார். எங்கள் ஆட்களில் இன்னும் சிலரிடம் இப்படிப் போத்தல்கள் அங்கே கிடக்கும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

நான் முதலில் கேட்டது, "ரொமானே கொந்தி ஏதும் இருக்கா சித்தப்பா?" மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். பேர்கண்டியின் பேர்போன, விலை கூடிய வைன் அது. அந்தத் தோட்டம் மொத்தம் 1.8 ஹெக்டயர். எங்கள் கணக்கில் நாலரை ஏக்கர், நிலாவெளியில் ஒருவர் வெங்காயம் போடுகிற காணியளவு. வருசத்தில் சில ஆயிரம் போத்தல்தான் வரும். உலகம் முழுக்கப் பங்கு வைத்தால் ஒரு உணவகத்துக்கு ஒன்றோ இரண்டோ. 1945ஆம் ஆண்டு வைன் சுமார் 600 போத்தல்தான், அதோடு பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். அதில் ஒரு போத்தல் 2018இல் நியூயோர்க் ஏலத்தில் 5,58,000 டொலருக்குப் போனது. சித்தப்பாவிடம் இருந்தது அதற்குக் கீழ்ப்படியில் உள்ளவை: போன்சோ குடும்பத்துத் தோட்டத்தின் குளோ சான் தெனி என்ற சிவப்பு வைன், கோஷ் துரி தோட்டத்தின் மெர்சோ என்ற வெள்ளை வைன், இன்னும் சில சின்னத் தோட்டங்கள். ஈரோவுக்கு முந்தின நாளில் பிராங்கில் வாங்கியவை. பேர்கண்டி விலை இப்படி ஏறும் என்று அப்போது அவரும் நினைக்கவில்லை, விற்ற தோட்டக்காரரும் நினைத்திருக்க மாட்டார்.

பேர்கண்டியில் ஏலம் என்றதும் நவம்பரில் போன் நகரில் நடக்கும் ஒஸ்பீஸ் என்ற தர்ம ஆஸ்பத்திரி ஏலத்தைத்தான் சிலர் எனக்குச் சொன்னார்கள். 1859 முதல் நடப்பது, பெரிய பெயர், ஆனால் அங்கே போவது அந்த வருசத்துப் புது வைன், அதுவும் பீப்பாய்க் கணக்கில். பழைய போத்தலுக்கு வைன் ஏலம் நடத்தும் நிறுவனங்கள் வேறு. பட்டியலை அனுப்பினால் இலவசமாக மதிப்பிட்டுத் தருவார்கள்.

பட்டியல் போடுவது லேசான வேலை. தோட்டத்தின் பெயர், வைனின் பெயர், ஆண்டு, போத்தல் அளவு, எத்தனை. களஞ்சியத்துக்காரரின் இருப்புத் தாளைப் பார்த்து ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக வந்த கேள்விகள்தான் ஆளைக் கொன்றுவிட்டன. யாரிடம் வாங்கியது? ரசீது எங்கே? வாங்கிய நாளில் இருந்து எங்கே இருந்தது? ஒரு நாளாவது களஞ்சியத்தை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்ததா?

இவ்வளவு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2008இல் நியூயோர்க்கில் ஒரு ஏலம். போலி வைன் செய்து விற்ற ரூடி குர்னியாவன் என்பவர் கொடுத்த போத்தல்களில் போன்சோவின் குளோ சான் தெனியும் இருந்தது, 1945இல் இருந்து 1971 வரையான ஆண்டுகள் போட்டு. ஆனால் போன்சோ குடும்பம் அந்த வைனைச் செய்யத் தொடங்கியதே 1982இல்தான். அப்போது அந்தத் தோட்டத்தை நடத்திய லோரோன் போன்சோ நேரே விமானம் ஏறிப் போய் அவற்றை ஏலத்தில் இருந்து எடுக்க வைத்தார். குர்னியாவன் 2012இல் பிடிபட்டார், 2014இல் 10 வருசச் சிறை. அதற்குப் பிறகு போன்சோ என்ற பெயரைக் கண்டாலே ஏலக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் பார்க்கிறார்கள். எங்களுடையது தொண்ணூறுகளின் வைன், ஆண்டில் சிக்கல் இல்லை. இருந்தும் ரசீது இல்லாமல் ஏற்க மாட்டோம் என்றார்கள்.

ரசீதுகளைச் சித்தப்பா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். கடைகளில் மெசினில் அடித்துக் கொடுத்ததெல்லாம் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிக் கிடந்தன. தோட்டக்காரர் பேனையால் எழுதிக் கொடுத்த துண்டுகளோ நேற்று எழுதியது போல இருந்தன. ஆனால் அதிலும் ஒரு இடி. எங்கள் பெயரை அவர்களுக்குச் சொல்ல வராது. ஒரு ரசீதில் சித்தப்பாவின் பெயரின் முதல் பாதி, இன்னொன்றில் அப்பப்பாவின் பெயர், மூன்றாவதில் "உணவகத்துத் தம்பி" என்கிற மாதிரி ஏதோ ஒன்று. கடவுச்சீட்டில் இருப்பது வேறு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து, பிரெஞ்சில் மொழிபெயர்த்து, அவர் வேலை செய்த உணவகத்தின் சம்பளத் தாளையும் சேர்த்து அனுப்பினோம். அந்தச் சம்பளத் தாள்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். பிரான்சில் இருந்து வருபவர்கள் எதை எறிந்தாலும் சம்பளத் தாளை எறியாதீர்கள்.

பிறகு படங்கள். களஞ்சியத்தில் ஒரு பெண் பிள்ளை வீடியோவில் வந்து ஒவ்வொரு போத்தலாகத் தூக்கிக் காட்டினாள். சித்தப்பா சாரத்தோடு விறாந்தையில் இருந்துகொண்டு பிரெஞ்சில் கட்டளை போட்டார். கழுத்துக்குப் பின்னால் டோர்ச் அடித்து, தக்கைக்கு அடியில் இருந்து வைன் எத்தனை சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது என்று அடிமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வயது போத்தலுக்கு இரண்டு, மூன்று என்றால் நல்லது. அதற்கும் கீழே இறங்க இறங்க விலையும் இறங்கும். அடுத்து, தக்கைக்கு மேலுள்ள உலோக உறையை விரலால் மெல்லத் திருகச் சொன்னார். லேசாகச் சுற்றினால் நிம்மதி. ஒட்டிப் பிடித்தால் வைன் கசிந்து உள்ளே காய்ந்திருக்கலாம். ஒரு போத்தலின் உறை அசையவே இல்லை. "அத ஒதுக்கி வை பிள்ளை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார், அவளுக்கும் விளங்கிவிட்டது.

வெளியே போன போத்தல் உண்டா என்ற கேள்விக்கு இரண்டைக் காட்ட வேண்டியிருந்தது. ஊருக்கு வரும்போது சூட்கேசில் கொண்டுவந்து, சேட்டுகளுக்கு நடுவே அலுமாரியில் வைத்திருந்தார். களஞ்சியத்தில் வருசம் முழுக்க 12, 13 பாகை. இங்கே ஆனி ஆடியில் அலுமாரிக்குள் என்ன சூடு என்று சொல்லத் தேவையில்லை. சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், இரவில் சுருங்கிக் காற்றை இழுக்கும். ஒன்றில் தக்கை உறையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இரண்டையும் திருப்பி அனுப்பினாலும் எடுக்க மாட்டோம் என்றது ஏல நிறுவனம். அதே தோட்டம், அதே ஆண்டு, அதே பெட்டியில் இருந்து வந்தவை! உடைத்துப் பார்த்தோம். அவிச்ச முந்திரிகை வத்தல் மணம், வாயில் வைத்தால் ஒன்றும் இல்லை. சித்தி அதை ஆட்டிறைச்சிக் கறிக்கு ஊற்றிவிட்டா. கறி நல்லாத்தான் இருந்தது.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது இரண்டே விசயம். மதிப்பீடு கீழ் விலை, மேல் விலை என்று வரும். இதற்குக் கீழே விற்க வேண்டாம் என்று நாங்கள் வைக்கும் ஒதுக்கு விலை, பிரெஞ்சுச் சட்டப்படி அந்தக் கீழ் விலையை மிஞ்சக் கூடாது. ஆகவே கீழ் விலையிலேயே பேரம் பேசிக்கொள்ள வேண்டும். மற்றது தரகு. விற்பவரிடமும் எடுப்பார்கள், வாங்குபவரிடமும் அதற்கு மேலே எடுப்பார்கள். விற்பவர் தரகை, கேட்டால் குறைப்பார்கள். கேளுங்கள். சித்தப்பா கேட்டார், குறைத்தார்கள்.

ஏலம் எங்கள் நேரத்துக்குப் பின்னேரம். இணையத்தில் பார்த்தோம். போன்சோ மேல் விலையையும் தாண்டிப் போனது. வாங்கிய விலையின் பத்து மடங்குக்கு மேல். யார் வாங்கினார்கள் என்று சொல்ல மாட்டார்கள், சித்தப்பாவுக்கு அதில்தான் கவலை. "குடிக்கிறவனோ, பூட்டி வைக்கிறவனோ?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். காசு அவருடைய பிரெஞ்சு வங்கிக் கணக்குக்கு வந்தது. சட்டம் இரண்டு மாதம் வரை அவகாசம் கொடுக்கிறது, அவர்களும் கிட்டத்தட்ட அதை முழுதாக எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு வரும்போது அந்தக் கணக்கை மூடாமல் வைத்தது நல்லதாய்ப் போனது.

மெர்சோ மட்டும் விலை போகவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இருந்து பேர்கண்டி வெள்ளை வைன்கள் பல, வயதுக்கு முன்னமே காற்றுப்பட்டுப் பழுப்பாகிவிடுகிற வியாதி ஒன்று இருக்கிறது. வாங்குகிறவர்கள் அந்த ஆண்டுகளில் பயப்படுகிறார்கள். அடுத்த ஏலத்துக்கு ஒதுக்கு விலையைக் குறைக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. சித்தப்பா சம்மதிக்கவில்லை. "கோஷ் துரிய அந்த விலைக்குக் குடுக்கிறதோ? விசரோ அவங்களுக்கு?" என்கிறார். வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது.